கெட்டு முறிக்கிற கை

புகையிலைக்குக் கெட்டு முறித்தவன் அதை ஒளிக்க முடியாது. விரல் நுனியெல்லாம் கறுத்த பிசின் அப்பிக் கிடக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. அந்தக் கையோடு சோறு தின்ன இருந்தால் முதல் வாயே கசக்கும். பனி ஈரம் காயமுன் தோட்டத் தறைக்குள் இறங்கினால் தலையும் சுற்றும். இலையின் ஈரத்தில் கரைந்த நிக்கொட்டின் தோலுக்குள்ளால் இறங்குவதுதான் காரணம் என்று பிறகு படித்தேன். அப்போது ஐயா சொன்ன காரணம், நான் வெறுவயிற்றோடு வந்தது.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணில் பிறந்த எனக்கு, செடியைப் பற்றிய முதல் பாடம் அதைக் காயப்படுத்துவதாகவே இருந்தது. பூ வருமுன் தலைக் குருத்தைக் கிள்ளிவிடுவோம். செடி விடாது, ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் புதுக் குருத்து எறியும். அதுதான் கெட்டு. முறிக்க முறிக்க வரும். “கெட்டை விட்டியெண்டா இலை மெலிஞ்சு போம். காரம் ஏறாது” என்பார் ஐயா. காரம் ஏறாத புகையிலைக்கு விலை இல்லை. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் வரை கப்பலேறியது அந்தக் காரத்துக்காகத்தான்.

பூவுக்கும் கெட்டுக்கும் போகிற சாறு இலைக்குத் திரும்புகிறது என்பது ஐயாவின் விளக்கம். நானும் அதையே நம்பியிருந்தேன். தாவரவியல் படிக்கப் போன இடத்தில் ஒரு பழைய பரிசோதனை அந்த நம்பிக்கையைப் பாதி சரித்தது. 1940களில் அமெரிக்காவில் ரே டோசன் என்பவர் புகையிலை வேரின்மேல் தக்காளித் தண்டை ஒட்டினார். தக்காளி இலையில் நிக்கொட்டின் வந்தது. மறுவளமாக, தக்காளி வேரின்மேல் புகையிலையை ஒட்டினார். அந்தப் புகையிலை இலையில் நிக்கொட்டின் இல்லை என்றே சொல்லலாம். காரம் இலையில் ஊறுவதல்ல. வேரில் உண்டாகி மேலே ஏறுவது.

வேருக்கு யார் சொல்லி அனுப்புகிறார்கள்? ஜெர்மனியின் யேனா நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்த இயன் போல்ட்வினும் அவருடைய குழுவும், அமெரிக்காவின் யூட்டா பாலையில் வளரும் காட்டுப் புகையிலையை வைத்துப் பல வருடம் இதைத்தான் துருவினார்கள். புழு இலையைக் கடித்தால் காயம்பட்ட இடத்தில் ஜாஸ்மோனேட் என்ற இரசாயனம் கூடுகிறது. செய்தி வேருக்கு இறங்குகிறது. வேர் நிக்கொட்டினைக் கூட்டிச் செய்து இலைக்கு அனுப்புகிறது. புழுவை விரட்டத்தான். எங்கள் தறையில் அந்தப் புழு நாங்கள். குருத்தைக் கிள்ளும்போது இன்னொன்றும் நடக்கிறது. அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்த ஓட்சின் என்ற வளர்ச்சி ஓமோன் நின்றுபோகிறது, அதுவும் வேரை உசுப்பிவிடுகிறது. பூவுக்குப் போகவேண்டிய உணவு மிஞ்சி இலை தடிக்கிறது என்பதும் உண்மை. ஆகவே ஐயா பாதி சரி. பாடநூல்கள் பல இதைவிடக் குறைவாகவே சரியாக இருக்கின்றன.

இரண்டாவது பாடம் தண்ணீர். கண்டு நட்டு வேர் பிடித்ததும் சில நாள் இறைப்பைத் தள்ளிப்போடுவார் ஐயா. வேர் தண்ணீர் தேடிக் கீழே போகட்டும் என்று. ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்தால் வந்தபோது கண்டெல்லாம் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. மனம் கேட்காமல் வாளியோடு போனேன். ஐயா வரம்பிலிருந்தே மறித்தார்.

“உச்சி வெயிலுக்கை ஆர்தான் வாடேல்லை? விடியப் பாத்துட்டுச் சொல்லு.”

விடியப் பார்த்தேன். எல்லாம் நிமிர்ந்து நின்றன.

இன்றுவரை மாணவருக்கு நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை இதுதான். மத்தியான வாட்டம், வேர் கொடுக்கும் வேகத்தை இலை இழக்கும் வேகம் மிஞ்சுவதால் வருவது, பின்னேரம் தெளியும். விடியவும் வாடி நின்றால் மண்ணில் செடிக்குத் தண்ணீர் இல்லை. இடைப்பட்ட நேரத்தில் செடி சும்மா நிற்பதில்லை. அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் கூடி, இலைத் துளைகளின் காவற்கலங்கள் மூடிக்கொள்கின்றன. அந்த அமிலத்தை 1960களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதைப் பிடித்துச் செய்தியை உள்ளே கொடுக்கும் புரதம் எது என்பது 2009இல்தான் தெளிவானது. இத்தனைக்கும் தெருவோர வேம்புகூட ஒவ்வொரு மத்தியானமும் செய்கிற வேலை இது.

2023இல் தெல் அவீவ் பல்கலைக்கழகத்தார் ஒரு படி மேலே போனார்கள். தாகத்தில் நிற்கிற தக்காளி மணித்தியாலத்துக்கு முப்பது, நாற்பது தடவையும், புகையிலை பத்துத் தடவையளவும் ‘டிக்’ என்று வெடிக்கின்றன என்று பதிவு செய்தார்கள். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி. தண்ணீர் ஏறும் குழாய்களில் காற்றுக்குமிழ் உடைவது காரணமாக இருக்கலாம். தண்ணீர் குடித்த செடியில் மணிக்கு ஒன்றுகூட இல்லை. பத்திரிகைகள் ‘செடி அழுகிறது’ என்று எழுதின. குழாயில் குமிழ் உடைந்தால் அழுகை என்றால், எங்கள் தண்ணீர் மிசின் நாள் முழுக்க ஒப்பாரி வைக்கிறது.

இவ்வளவும் தெரிந்த நான் பட்ட வெட்கத்தைச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன், ஐயாவின் காணியில் சின்ன வெங்காயம் வைத்தேன். ஆனி மாதம். தாள் நுனிகள் மஞ்சளாகிக் கருகத் தொடங்கின. விடியப் பார்த்தேன், அப்போதும் சோர்ந்துதான் கிடந்தது. ஐயாவின் சோதனைப்படி தண்ணீர்க் குறை. இறைப்பைக் கூட்டினேன். கருகல் கீழே இறங்கியது. இன்னும் கூட்டினேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலியால் எட்டிக் கேட்டார்:

“மாஸ்டர், தண்ணியை ஒருக்கா வாயில விட்டுப் பாத்தனீங்களே?”

கரித்தது. உப்பு அளக்கிற மின்கடத்துத்திறன் மானி என் ஆய்வுகூட மேசையில் எத்தனையோ வருடமாகக் கிடக்கிறது. எங்கள் கிணற்றுக்கு அதை நான் ஒருநாளும் கொண்டுபோனதில்லை.

உப்பு செய்கிற மோசம் இதுதான்: அது தாகத்தின் வேடத்தில் வருகிறது. மண்ணில் தண்ணீர் இருக்கும்; வேரால் இழுக்க முடியாது. செடி வறட்சிக்குக் கொடுக்கிற அதே பதிலைக் கொடுக்கும், அதே அமிலம் கூடும், அதே துளைகள் மூடும். சோடியம் இலையில் சேர்ந்து திசுவைக் கருக்குவது அதன் பிறகு. தெல் அவீவ் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து வைத்திருந்தாலும் ‘தாகம்’ என்றே எனக்குச் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன். நானும் தாகத்துக்கு உப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடாநாட்டுக்கு ஆறில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடல்நீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் இருந்தால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு எழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் ஆள் களைத்தால் கிணறும் ஆறியது. மிசினுக்குக் களைப்பில்லை.

நெல்லில் ஒரு வழி பிறந்திருக்கிறது. கேரளத்து உவர் நிலங்களில் விளைந்த பொக்காலியைப் பெற்றோராக வைத்து அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.டி. 354 உவர் வயலில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். உவர் தாங்கும் நெல்லினங்களில் ஒரு புரதம், தண்டுக்கு ஏறுகிற சோடியத்தை வேரிலேயே மறித்துவைக்கிறது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அப்படியொரு கைகண்ட இனம் எங்கள் கையில் இல்லை. கெட்டை முறிப்பதும் தண்ணீரை நிறுத்துவதும் அளவு பார்த்துச் செய்கிற காரியம். தவறினால் அடுத்த நாள் திருத்தலாம். உப்புக்கு அளவு வைக்கிறவன் கமக்காரன் அல்ல.

செடி வாடுகிறது, வந்து பாருங்கோ என்று கூப்பிடுகிறவர்களிடம் இப்போது இரண்டு காரியம் கேட்கிறேன். வெயில் ஏறமுன் ஒருதரம் தோட்டத்தைப் பாருங்கள். பிறகு, இறைத்து முடிந்து மிசினை நிற்பாட்டமுன் வருகிற கடைசித் தண்ணீரில் ஒரு போத்தல் எடுத்து வையுங்கள். முதல் தண்ணீர் வேண்டாம். அது இரவெல்லாம் ஊறிய தண்ணீர். கெட்டுப்போகிற கிணற்றிலும் அது நன்றாகத்தான் இருக்கும்.