மூடியைப் போட்டு எடுத்த படம்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பகலில் பள்ளிக்கூட வாத்தியார். இரவில் நட்சத்திரப் பித்தர். தை மாத முன்னிரவில் கடலைக் கொல்லையில் தொலைநோக்கியை நாட்டி, வடமேற்கே சாயும் ஆண்ட்ரோமெடா என்ற நட்சத்திர மண்டலத்தைப் படம் பிடிக்கிறார். அதன் ஒளி நம்மிடம் வந்து சேர 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. காவலூரில் 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் முன் இவருடையது வெறும் சொப்புச் சாமான்தான். ஆனால் படமோ கண்ணைப் பறித்தது.

"வர்ணம் பூசினீரோ?" என்றேன்.

"இல்லை, ஸார். 64 படங்களை அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் மணல் தெளித்தாற்போல் புள்ளிகள் விழும். அவை படத்துக்குப் படம் இடம் மாறும், மண்டலம் மாறாது. சராசரி எடுத்தால் மணல் எட்டில் ஒரு பங்காகிவிடும்."

தேசிங்கு ராஜன் கதையைப் பாடுவோரும் ஆளுக்கொரு விதமாய்த்தான் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால், நவாபின் படையை எதிர்த்து ஓர் இளைஞன் மடிந்தான் என்பது மட்டும் நகராமல் நிற்கிறது. அது நடந்தது 1714-இல்.

"எல்லாப் படமும் ஒரே பொய்யைச் சொன்னால்?" என்று மடக்கினேன்.

"அது காமிராவின் சொந்தக் கோளாறு. மூடியைப் போட்டு வெறும் இருட்டைப் படம் எடுப்பேன். அதில் தெரிவதெல்லாம் காமிராவின் கற்பனை. முதலில் அதைக் கழித்துவிட வேண்டும்."

கதை எழுதிப் பிழைக்கிற எனக்குச் சுருக்கென்றது. பிறரைப் பற்றி எழுத உட்காருமுன், நாமும் ஒரு நாழிகை மூடியைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டாமா?