மலையூரில் பல சுவை

இல்லத்தில் மகன் ராக் இசையைக் கேட்கத் தொடங்கினால் கதவைச் சாத்துவது என் வழக்கம். அவன் விருப்பத்திற்கிணங்கச் சென்ற கோடையில் ஷில்லாங் சென்றோம்.

ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், பைன் மரங்கள் சூழ்ந்த ஊர் அது. மே 24-இல் பாப் டிலனின் பிறந்தநாளைப் பாடிக் கொண்டாடும் வழக்கத்தை, லூ மஜாவ் என்னும் பாடகர் அங்கு 1972-இல் தொடங்கினார். 2001-இல் தோன்றிய ஷில்லாங் சேம்பர் பாடற்குழுவோ, மேனாட்டுச் செவ்வியல் இசையோடு இந்தித் திரைப்பாடலையும் பாடிப் புகழ் பெற்றது. ‘சோல்மேட்’ குழுவினருக்கு ‘புளூஸ்’ இசையே உயிர்.

ஓர் ஊர் இத்தனை சுவைகளுக்கு இடம் தருகிறதே, ஒரு வீடு தரலாகாதா?

இப்பொழுது கதவைச் சாத்துவதில்லை. அவ்விசை இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆயினும், “அப்பா, இதைக் கேளுங்கள்” என்று மகன் அழைக்கிறான்.