நோட்டீசில் இல்லாத கூலி

எங்க அம்மா முப்பது வருசம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவள். விடியும் முன்னே போடியில் ஜீப்புக்குள் திணிந்து, போடிமெட்டு ஏறி, கேரளத்துத் தோட்டத்தில் இறங்குவார்கள். ஏலக்காய் மேலே தொங்குவதில்லை. செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்ப்பது. பொழுதுக்கும் குனிந்தேதான் எடுக்கணும். மருந்தடித்த ஈரம் காயுமுன்னே செடிக்குள் கை போகும். ராத்திரி சோறு பிசையும்போது நகக்கண் எரியுதும்பாள்.

2009 ஆகஸ்டில் இந்தியா ஆசியான் நாடுகளோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டது. மிளகு இறக்குமதி வரியை 70 சதவீதத்திலிருந்து 50-க்குப் படிப்படியாக இறக்கச் சம்மதித்திருந்தார்கள். ஏலத்தோட்டத்து நிழல்மரங்களில் படர்வது மிளகுக்கொடிதான். மலை கொதித்தது. அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம்வரை மனிதச் சங்கிலி. இங்கே நாங்களும் நோட்டீஸ் போட்டோம். 'விவசாயியைக் காப்போம்' என்று எழுதியவன் நான்தான். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அதுல நம்ம கூலிக்கு எதுவும் எழுதிருக்கியாப்பா?"

எழுதவில்லை. நாங்கள் சொன்ன விவசாயி தோட்டம் வைத்திருப்பவர். குனிகிறவளுக்கு அதில் ஒரு வரி கிடையாது.

விலை விழுந்தால் முதலில் குறைவது எங்க ஜனங்களின் வேலைநாள். அதனால் எதிர்த்தது தப்பென்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் விலை ஏறினால்? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. அந்த வாரமும் அம்மா கொண்டுவந்தது முந்தின வாரக் கூலியேதான்.

அந்த வருசமே ஆர்செப் ஒப்பந்தத்தை எதிர்த்து இன்னொரு நோட்டீஸ். இந்தத் தடவை கூலிக்கு ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். அச்சில் வரவில்லை. "இப்ப எல்லாரும் ஒண்ணா நிக்கணும் தோழர், அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். இந்த 'அப்புறம்' சேரிக்குப் பழகின வார்த்தை. நவம்பர் 4 அன்று ஒப்பந்தத்தில் சேரவில்லையென்று இந்தியா அறிவித்ததும் மிட்டாய் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

ஏலக்காய் என்றால் கூட்டத்தில் குவாத்தமாலாவைத் திட்டாமல் இருக்கமாட்டோம். உலகத்திலேயே அதிகம் விளைவிக்கிற நாடு, நம்ம சந்தையைப் பறித்த நாடு. அங்கே மலைச்சரிவில் காய் எடுப்பவர்கள் மாயா பழங்குடி ஜனங்கள் என்று பிற்பாடுதான் படித்தேன். அம்மாவிடம் சொன்னேன்.

"அவளுகளும் குனிஞ்சுதான் எடுக்காளுகளா?"

"அதே செடிதானம்மா."

கொஞ்சநேரம் பேசாமலிருந்தாள். பிறகு கேட்டாள்: "அவளுகளுக்கு என்ன கூலி குடுக்காங்களாம்?"