தோளுக்கேற்ற துப்பாக்கி

"துப்பாக்கின்னா உதைக்கத்தான் செய்யும். போகப் போகப் பழகிடும்." சித்தி மகளின் வலது தோள் கன்னிப்போயிருந்ததைப் பார்த்து, பயிற்சி மைதானத்தில் ஒரு பெரியவர் சொன்னது. 15 வயதுப் பெண்ணுக்கு இதிலென்ன ஆறுதல்? அடுத்த ஞாயிறு 'வயித்து வலி' என்று படுத்துவிட்டாள். "இதெல்லாம் நமக்கெதுக்கு, நிறுத்திடலாம்" என்றார் சித்தி.

இத்தனைக்கும் ஆசைப்பட்டது அவள்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் டிராப் போட்டியில் கலந்துகொண்டதை மொபைலில் பார்த்ததிலிருந்து பிடித்த பிடிவாதம். பறக்கும் தட்டுகளை ஷாட்கன்னால் சுட்டு உடைக்கும் போட்டி அது. ஒரு ரவுண்டுக்கு 25 தட்டுகள். முதல் தோட்டா தவறினால் இரண்டாவதும் உண்டு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தோளில் ஓர் உதை!

வேறொரு பயிற்சியாளரிடம் அழைத்துப் போனேன். அவர் தோளைப் பார்க்கவே இல்லை. காலித் துப்பாக்கியைக் கொடுத்து, "பிடிம்மா" என்றார். பெரியவர்களுக்கான அளவு. விசையை எட்டுவதற்காக உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றாள். பின்கட்டை தோள்குழியில் உட்காராமல், புஜத்து எலும்பில் நின்றது. அடி விழுந்தது அங்கேதான்.

பிறகு ஒரு சோதனை. அவளுக்குத் தெரியாமல், மருந்தில்லாத டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். விசையை அழுத்தினாள். சத்தமில்லை, உதையில்லை. ஆனால், குழல் மட்டும் 'வெடுக்'கென்று கீழே குனிந்தது. வரப்போகும் அடிக்கு உடம்பு முன்கூட்டியே பயந்துகொண்டது. "இந்தப் பயம்தான் ஆபத்து. காயம் பத்து நாள்ல ஆறிடும், இது லேசுல போகாது" என்றார்.

'சின்னப் பொண்ணுதானே, எடை குறைஞ்ச துப்பாக்கி கொடுக்கலாமே' என்றுதான் நமக்குத் தோன்றும். அது தலைகீழ் கணக்கு. அதே தோட்டாவைப் போட்டால், லேசான துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும். குறைக்க வேண்டியது தோட்டாவை. ஒலிம்பிக் டிராப்பிலேயே ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயக் குண்டுகள்தான் அனுமதி. அவள் சுட்டுக்கொண்டிருந்ததோ 28 கிராம்!

24 கிராமுக்கு மாறினார்கள். பின்கட்டையை அளவெடுத்துக் குட்டையாக்கி, முனையில் தடித்த ரப்பர் பட்டை பொருத்தினார்கள். கன்னம் வைக்கும் இடத்தையும் சரிசெய்தார்கள். அது பொருந்தாவிட்டால் உதை கன்னத்தில் விழுமாம். பெண்களுக்குக் கட்டையின் கீழ்முனை மார்பில் குத்தும் என்பதால், அந்தக் கோணத்தையும் லேசாக மாற்றினார்கள். (இதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.) காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் மஃப். பாதி பயம் சத்தத்தால் வருவதாம்.

முதல் வாரம் வெறும் டம்மி தோட்டா. அப்புறம் ஒரு நாளைக்கு பத்தே பத்து தோட்டா. ஆறாவது வாரம்தான் முழு ரவுண்டு. 25-ல் 9 உடைத்தாள். தோளில் லேசான சிவப்பு மட்டும்.

வளர்கிற பிள்ளை என்பதால், கட்டைக்கும் ரப்பருக்கும் நடுவே மெல்லிய தகடுகளைச் சேர்த்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பாவாடையில் மடிப்பு வைத்துத் தைத்துப் பிறகு பிரித்துவிடுகிற அதே கணக்குதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் பயிற்சியாளர். 'நிறுத்திடலாம்' என்ற சித்திதான் இப்போது கதவு நிலையில் பென்சில் கோடு போடுகிறார்.