துளிர் விடாத இதய இலை

மகன் வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் வாங்கித் தந்தது அந்தச் சின்னத் தொட்டி. மண்ணில் செருகிய ஒரே ஒரு இலை, இதய வடிவத்தில். பெயர் ஹோயா கெர்ரி. பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பாவுக்கு, காலையில் எழுந்ததும் செய்ய ஒரு வேலை கிடைத்தது. ஆசை கூடி, நர்சரியில் ஹோயா கார்னோசா, ஹோயா லீனியாரிஸ் என இன்னும் இரண்டு வாங்கினார்.

மூன்றுக்கும் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டே மாதத்தில் கார்னோசாவின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தொட்டியைக் கவிழ்த்தால் அழுகிய வேர். தவறாமல் தண்ணீர் ஊற்றியும் இப்படியா என்று நொந்துபோனார்.

"தவறாம ஊத்தினதுதான் சார் தப்பு" என்றார் நர்சரிக்காரர். "இது மரத்துல தொத்தி வளர்ற கொடி. தடிச்ச இலையிலேயே தண்ணியைச் சேர்த்து வெச்சுக்கும். விரலை விட்டுப் பாருங்க, உள்ளேயும் மண் காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. லீனியாரிஸ் இலை மெல்லிசு. இமயமலைப் பக்கத்துச் செடி. அதை ரொம்பக் காயவிடாதீங்க, குளுமையான இடத்துல வைங்க."

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்த முடியாது என்பது அவருக்குத் தெரியாததா!

அழுகாத தண்டில் இரண்டு கணு விட்டு வெட்டி, தேங்காய் மட்டைத் துண்டும் கரித்துண்டும் கலந்த மண்ணில் நட்டார். உச்சி வெயில் படாத, வெளிச்சமான ஜன்னலோரத்தில் வைத்தார். கொடி பிழைத்தது.

"அந்த இதய இலை எப்ப சார் வளரும்?"

"கணு இல்லாத வெறும் இலை சார் அது. வேர் விடும், வருஷக்கணக்கா பச்சையா இருக்கும். துளிர் விடாது."

மூன்றாம் வருடம் கார்னோசா பூத்தது. மெழுகில் செய்தது போன்ற நட்சத்திரக் கொத்து, இரவில் வாசனை. எருக்கம்பூவின் சாயல், இரண்டும் ஒரே குடும்பம்தான். பூ உதிர்ந்ததும் காம்பை வெட்டக் கத்தரிக்கோலோடு வந்த மனைவியைத் தடுத்தார். "வெட்டாதே, அடுத்த பூ அதே காம்புலதான் வரும்."

அன்று இரவு வீடியோ காலில் மகன் கேட்டான். "அப்பா, நான் கொடுத்த செடி எப்படி இருக்கு?"

ஜன்னலோரம் இருந்த அந்த ஒற்றை இலையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியே இருக்குடா, நீ கொடுத்த மாதிரியே."