பழைய பாக்கி பெட்டியில்

அத்தாவின் ஜனாஸா தொழுகைக்குச் சற்று முன்பு, எங்கள் வழக்கப்படி, ஸஃப்புகளின் முன்னே நின்று நான் அந்த அறிவிப்பைச் செய்தேன். "எங்கத்தா யாருக்காவது பாக்கி தரணும்னா எங்கிட்ட வாங்கிக்குங்க. யார் மனசையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிருங்க." 2015ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. அன்று யாரும் வரவில்லை. மறுநாள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். இருவருமே அத்தாவுக்குத் தாங்கள் தர வேண்டியதைச் சொல்ல வந்தவர்கள்.

அத்தா கோவையில் நாற்பது ஆண்டுகள் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை நடத்தியவர். புஷ், பேரிங், இம்பெல்லர், வைண்டிங் கம்பி என்று கைக்கு அடங்கும் சாமான்களே அவருடைய வணிகம். பயிர் வாடிக்கொண்டிருக்கும்போது கிணற்று மோட்டார் எரிந்துபோய் ஓடிவருபவரிடம் முதலில் காசை எடு என்று சொல்ல அவருக்கு வராது. அதேபோல் பவுண்டரிகளும் லேத்துப் பட்டறைகளும் அவருக்குக் கடனாகச் சரக்கு அனுப்பும். ஆகவே அவர் கணக்கில் வரவேண்டியதும் தரவேண்டியதும் எப்போதும் இருந்தன.

கடையும் கொஞ்சம் சேமிப்பும் அவர் விட்டுச் சென்றவை. அம்மா, நான், தங்கைகள் இருவர் என வாரிசுகள். திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 11, 12ஆம் வசனங்களில் பங்குகள் சொல்லப்படும் இடத்தில், மரண சாசனமும் கடனும் போகத்தான் மற்றவை என்ற நிபந்தனை நான்கு முறை வருகிறது. நூறு முறை ஓதிய வசனங்கள்தாம். சொந்த வீட்டில் மவ்த்து விழுந்த பிறகுதான் அந்த நான்கையும் எண்ணிப் பார்த்தேன்.

கடை மேசையில் அத்தாவின் நீள நோட்டு இருந்தது. 2014 மே மாதம் தொடங்கிய கணக்கு. ஒவ்வொரு வரியும் தெளிவாக இருந்தது. ஆனால் முதல் பக்கத்தின் தலையில், அடிக்கோடிட்டு, ஒரு வரி எழுதியிருந்தார்: "பழைய பாக்கி பெட்டியில்."

பெட்டி என்று அவர் சொன்னது அவருடைய நெட்புக்கை. அந்த வரியை அவர் எழுத நேர்ந்ததற்குக் காரணம் நான்.

2010 ஜூனில், கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடு நடந்த அந்த வாரத்தில், அதை அவருக்கு வாங்கிக் கொடுத்தவனும் நானே. பத்து அங்குலத் திரை, ஆட்டம் செயலி, ஒரு ஜிபி நினைவகம், 160 ஜிபி வன்தட்டு. சிடி போடும் வழி கிடையாது. எடையையும் விலையையும் குறைக்க நெட்புக்குகளில் அதைத்தான் முதலில் நீக்கினார்கள். 2007இல் வெளிவந்த விஸ்டா இத்தகைய சிறு இயந்திரங்களுக்குத் தாங்காது என்பதால், கடைகளில் தனியாக விற்பது நின்ற பின்னரும் எக்ஸ்பியை நெட்புக்குகளில் மட்டும் இட்டு விற்க மைக்ரோசாஃப்ட் சலுகை கொடுத்திருந்தது. அத்தாவின் பெட்டியிலும் எக்ஸ்பி ஹோம் இருந்தது. கடையின் பழைய கணினியில் தொண்ணூறுகளில் ஒருவர் எழுதிக் கொடுத்த டாஸ் காலத்துக் கணக்கு நிரலை அதில் ஏற்றித் தந்தேன். கறுப்புத் திரை முழுவதும் விரிந்து, தமிழ் எழுத்தில் பெயர்கள் வரும். அத்தாவுக்கு அது போதுமாக இருந்தது.

2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. வங்கிக்காரர்கள் முதல் நாளிதழ்கள் வரை எல்லோரும் எச்சரித்தார்கள். நானும் பெரிய விவரக்காரனாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தாவின் பெட்டியில் விண்டோஸ் 7 அல்டிமேட்டை ஏற்றினேன். காசு கொடுத்து வாங்கியதன்று. நண்பர்களிடம் சுற்றிக்கொண்டிருந்த, பூட்டுடைத்த பிரதி. போதாக்குறைக்கு, இடம் மிச்சமாகும் என்று, உற்பத்தியாளர் மறைவாக வைத்திருந்த மீட்புப் பகுதியையும் அழித்தேன். வட்டு இயக்கி இல்லாத இயந்திரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவர்கள் வைத்திருந்த ஒரே வழி அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. டி பகுதியில் இருந்த அத்தாவின் கோப்புகளை மட்டும் தொடாமல் விட்டேன். அல்ஹம்துலில்லாஹ், அந்த அளவு புத்தி இருந்தது.

ஒரு ஜிபி நினைவகம் விண்டோஸ் 7க்குத் தாளில் போதும். நடைமுறையில், பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு அத்தா லுஹர் தொழுது வந்துவிடலாம். அதைவிட மோசம், கணக்கு நிரல் திறக்கவில்லை. முழுத்திரை முறையை இந்த அமைப்பு ஏற்காது என்று ஒரு செய்தி வந்து நின்றது. விஸ்டா முதல் திரை இயக்கிகளின் அமைப்பே மாறிவிட்டதால் டாஸ் நிரல்கள் முழுத்திரையில் ஓடா. சிறு சாளரத்தில் ஓட்டினாலோ தமிழ் எழுத்துகள் இருந்த இடத்தில் கோடுகளும் கட்டங்களுமாக வந்தன.

"தம்பி, அந்தக் கணக்கு தொறக்க மாட்டேங்குது. எப்பப் பாக்கறே?" என்று அத்தா கேட்டார். அடுத்த வாரம் என்றேன். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை. நீள நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டார்.

அத்தா போய் ஒரு மாதம் ஆனபின் பெட்டியைத் திறந்தேன். அது உள்ளே நுழையவே மறுத்தது. சின்னம் சுழன்று சுழன்று மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. முதல் வேலையாக, பப்பி லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதைக் கொண்டு இயந்திரத்தைத் தொடங்கினேன். வன்தட்டைத் தொடாமல் நினைவகத்திலேயே ஓடக்கூடியது அது. டி பகுதி முழுவதையும் வேறொரு பென் டிரைவுக்குப் படியெடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. இதுபோன்ற நிலை எவருக்கேனும் வந்தால், வேறு எதைச் செய்வதற்கு முன்பும் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்து காந்திபுரத்தில் ஒரு கணினிக் கடைக்குப் போனேன். "விண்டோஸ் 10 வந்து ஒரு மாசந்தான் ஆச்சுங்க, நீங்க எக்ஸ்பிக்குப் போறேங்கறீங்க" என்று கடைக்காரப் பையன் சிரித்தான். பிறகு, "சரிங்க, நம்மகிட்ட கீ இருக்குது, போட்டுத் தரேன். இதுக்கெல்லாம் ஒரிஜினல் யாருங்க பாக்கறாங்க?" என்றான்.

ஓராண்டுக்கு முன்பு இதையேதான் நானும் சொல்லியிருப்பேன். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் உரிமைகள் மார்க்கத்தின்படி பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்திருப்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. பெரிய நிறுவனத்துக்கு என்ன நட்டம் என்று அதைத் தாண்டிப் போயிருந்தேன். ஆனால் அத்தாவின் கடனைக் கண்டுபிடித்து அடைப்பதற்காக இன்னொருவர் உரிமையை எடுத்துக்கொள்வது என்பது அன்று தொண்டையில் சிக்கியது. பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெட்டியின் அடியில் அத்தா காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்பியின் சீட்டு ஒட்டியிருந்தது. இருபத்தைந்து எழுத்துகளில் பாதி தேய்ந்துபோயிருந்தன. செல்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, எட்டா பியா என்று தங்கைகளோடு வாக்குவாதம் செய்து முழுமையாக்கினேன். மாமா மகனிடம் கிடைத்த முதல் சிடி புரொஃபஷனல் பதிப்பு. ஹோம் பதிப்பின் எண்ணை அது ஏற்காது. இயந்திரத்தோடு வரும் வகையைச் சேர்ந்த ஹோம் சிடி வேறொரு நண்பரிடம் கிடைத்தது. அதை மேசைக் கணினியில் போட்டு, வின்டூஃப்ளாஷ் என்ற சிறு மென்பொருளால் பென் டிரைவுக்கு மாற்றினேன்.

எக்ஸ்பி பென் டிரைவிலிருந்து ஏறுவதற்காக உருவாக்கப்பட்டதன்று. முதல் முயற்சியில் 7பி என முடியும் பிழை எண்ணோடு நீலத்திரை வந்தது. வன்தட்டோடு பேசும் ஏஹெச்சிஐ முறைக்கான இயக்கி எக்ஸ்பியிடம் கிடையாது. பயாஸுக்குள் போய் ஐடிஈ என்று மாற்றியதும் அது தாண்டியது. அடுத்த முயற்சி முழுமையாக முடிந்ததுபோல் தோன்றியது. மகிழ்ந்து பென் டிரைவை உருவினால், பெட்டி தொடங்க மறுத்தது. நிறுவும்போது பென் டிரைவே முதல் தட்டாக எண்ணப்பட்டு, தொடக்கக் கோப்புகள் அதன்மேல் எழுதப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் மீண்டும் தொடங்கி, இம்முறை தட்டுகளின் வரிசையைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தேன். அஸருக்குப் பின் தொடங்கியது இஷாவுக்குப் பின் முடிந்தது. செயலாக்கத்துக்குத் தொலைபேசியில் ஆறு ஆறு இலக்கங்களாக நீண்ட எண்வரிசையைக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. இணைய இயக்கியை வேண்டுமென்றே நிறுவவில்லை. திருத்தங்கள் நின்றுபோன அமைப்பு வெளியே போக வேண்டியதில்லை.

(டாஸ்பாக்ஸ் என்ற இலவச நிரல் இருந்தால் எந்தக் கணினியிலும் அந்தக் கணக்கைத் திறந்திருக்கலாம் என்று பொறியியல் படிக்கும் உறவுப் பையன் ஒருவன் பின்னர் சொன்னான். அந்தக் கணத்தில் அவன் மீது எனக்கு அன்பு பெருகவில்லை.)

கறுப்புத் திரை விரிந்தது. அத்தாவின் பெயர்கள் தமிழில் வரிசையாக வந்தன. அம்மா பின்னால் வந்து நின்றிருந்தது எனக்குத் தெரியவில்லை.

தர வேண்டியதில் நான்கு பதிவுகள். பீளமேட்டில் ஒரு பவுண்டரிக்கு 6,200 ரூபாய், கணபதியில் லேத்துப் பட்டறைக்கு 2,850, கடை வாசல் தேநீர்க் கடைக்கு 700, அன்னூர் பாய் என்று மட்டும் குறித்த ஒருவருக்கு 1,150. வர வேண்டியது பெரிய பட்டியல். அதில் பதினேழு பேருக்கு நேரே "வி" என்று ஓர் எழுத்து. என்னவென்று புரியாமல் தங்கையும் நானும் விழித்தபோது அம்மா சொன்னார்: "விட்டாச்சுன்னு அர்த்தம். மழையில்லாத வருசம் அவங்களுக்கெல்லாம் விட்டுட்டதா எங்கிட்டச் சொன்னார்." உயிரோடு இருக்கும்போதே அவர் விட்டுக்கொடுத்தவை எங்கள் பங்குக்குள் வாரா என்று ஹஜ்ரத் விளக்கினார். தங்கைகள் மறுபேச்சுப் பேசவில்லை. பெரிய தொகைகளும் அதில் இருந்தன என்பதால் இதைச் சொல்கிறேன்.

பவுண்டரி மூடப்பட்டிருந்தது. உரிமையாளரைச் சூலூர்ப் பக்கம் அவருடைய வீட்டில் கண்டுபிடித்தேன். பணத்தை நீட்டியதும், "பாய்க்கு நாந்தானுங்க தரோணும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். வாங்கிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்த வேண்டியிருந்தது. லேத்துப் பட்டறையில் தந்தை இறந்து மகன் இருந்தார். "விடுங்கண்ணா" என்றார், பிறகு என் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார். தேநீர்க் கடைக்காரர் எண்ணிப் பார்த்து வாங்கி, சில்லறையும் தந்தார்.

அன்னூர் பாயை மட்டும் இன்னும் காணவில்லை. அன்னூர்ப் பள்ளிவாசலில் இரண்டு ஜும்ஆக்களில் விசாரித்தேன். பம்பு பழுது பார்ப்பவர்களிடமும் கேட்டேன். அன்னூரிலிருந்து வந்தவரா, அன்னூரில் பெண்ணெடுத்தவரா என்பதும் தெரியாது. தேடியும் கிடைக்காவிட்டால் அவர் பெயரால் ஸதகா செய்துவிடலாம், பின்னர் அவரோ வாரிசுகளோ வந்து கேட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும் என்று ஹஜ்ரத் சொன்னார். இன்னும் கொஞ்சம் தேடுகிறேன் என்றேன். 1,150 ரூபாய் ஓர் உறையில், நெட்புக்கின் பையில், சார்ஜர் வைக்கும் அறையில் இருக்கிறது. 2012, 2013 வாக்கில் கோவையில் மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றுக்குச் சரக்கோ பணமோ கொடுத்து மீதி வாங்காமல் போன அன்னூர்க்காரர் எவரையேனும் நீங்கள் அறிந்திருந்தால், அவரிடம் சொல்லுங்கள்.