கை மாத்திப் பிடிச்சவர்

நமக்கும் கோல்ஃபுக்கும் ரொம்ப தூரம்ங்க. சினிமாவுல ஹீரோயினோட பணக்கார அப்பா தொப்பி போட்டுக்கிட்டு ஆடுவாரே, அந்த அளவுக்குத்தான் பழக்கம். ஆனா ஒரே ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரைப் பத்தி மட்டும் யாராவது கேட்டா மணிக்கணக்கா பேசுவேன். யாரும் கேக்குறதில்லை, அதான் இந்தப் பதிவு :-)

பேரு பாப்வா சேவ்கோலம். தென்னாப்பிரிக்காவுல டர்பன் நகரத்துக்காரர். 1860-ல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ'ங்கிற கப்பல்ல முதல் ஒப்பந்தக் கூலிகள் போய் இறங்கின ஊர் அது. அப்படி அங்க வேர் பிடிச்ச இந்திய சமூகத்துல பிறந்தவர் பாப்வா. பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. சின்ன வயசுலயே பீச்வுட் கோல்ஃப் கிளப்புல கேடி வேலை. நம்மூர் கேடி இல்லைங்க, ஆடுறவரோட மட்டைப் பையைத் தூக்கிக்கிட்டு கூடவே நடக்குறவர். முதலாளி ஆடுறதைப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கத்துக்கிட்டார்.

ஆனா ஒரு விஷயத்தை மட்டும் தலைகீழாப் பண்ணினார். வலதுகைக்காரர் கிரிக்கெட் மட்டையை எப்படிப் பிடிப்பார்? இடது கை மேல, வலது கை கீழ. கோல்ஃபிலும் அதே கதைதான். பாப்வா வலது கையை மேல வச்சு, இடது கையைக் கீழ வச்சுப் பிடிச்சார். சொல்லித்தர ஒரு கோச் இருந்திருந்தா முதல் நாளே கையில ரெண்டு போட்டுத் திருத்தியிருப்பார். யாரும் இல்லாததால அந்தப் பிடி அப்படியே நின்னுடுச்சு.

அவர் திறமையைக் கண்டுக்கிட்டவர் கிரஹாம் வுல்ஃப்ங்கிற வெள்ளைக்காரர். இன்னிக்கு கடையில 'ஓலே'ன்னு க்ரீம் விக்குதே, அதைக் கண்டுபிடிச்சவர். பாப்வாவை ஐரோப்பாவுக்குக் கூட்டிட்டுப் போனதும் அவர்தான். 1959-ல் டச்சு ஓப்பன் போட்டியில பாப்வா ஜெயிச்சார். 1960-ல் மறுபடியும். 1964-ல் மூணாவது தடவை. நடுவுல 1963-ல் பிரிட்டிஷ் ஓப்பன்ல 13-வது இடம். உலகத்துல இருக்குற பெரிய தலைங்க எல்லாம் ஆடுற போட்டிங்க அது.

ஊர்ல நிலைமை வேற. நிறவெறிச் சட்டங்கள் நடந்துக்கிட்டிருந்த காலம். பொறந்த ஊர்லயே வெள்ளையர் மைதானத்துல ஆட பாப்வாவுக்குத் தனி அனுமதி வேணும். 1963-ல் நேட்டால் ஓப்பன் போட்டி டர்பன் கன்ட்ரி கிளப்புல நடந்துச்சு. நூத்துக்கும் மேல வெள்ளைக்கார ஆட்டக்காரங்க. ஜெயிச்சது பாப்வா. பரிசளிப்பு நேரத்துல மழை பிடிச்சுக்கிச்சு. கிளப் கட்டடத்துக்குள்ள அவர் வரக் கூடாது. மத்தவங்க கூரைக்குக் கீழ இருக்க, ஜெயிச்ச மனுசன் வெளியில நனைஞ்சுக்கிட்டே கோப்பையை வாங்கினார்.

அந்தப் படம் உலகம் பூரா போச்சு. தென்னாப்பிரிக்காவை விளையாட்டுலேர்ந்து ஒதுக்கணும்னு குரல் கொடுத்தவங்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேணுமா என்ன? அடுத்த வருஷமே டோக்கியோ ஒலிம்பிக்ல அந்த நாட்டுக்கு இடம் இல்லைன்னு ஆச்சு.

எனக்கு இங்கதான் ஒரு உறுத்தல். பாப்வான்னாலே எல்லாரும் அந்த மழையோட நிறுத்திடறாங்க. 'ஐயோ பாவம்' சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடறோம். ஆனா கதை அங்க முடியலை. 1965-ல் அதே நேட்டால் ஓப்பன்ல கேரி பிளேயரையே தோற்கடிச்சார். பிளேயர்னா சும்மா இல்லை. பிரிட்டிஷ் ஓப்பன், மாஸ்டர்ஸ், பி.ஜி.ஏ. எல்லாம் அதுக்குள்ள வாங்கி முடிச்சவர். அந்த வருஷமே அமெரிக்க ஓப்பனையும் ஜெயிச்சு நாலையும் முடிச்சார். அப்பேர்ப்பட்ட ஆளை, தலைகீழா மட்டை பிடிக்கிற ஒரு முன்னாள் கேடி அடிச்சுட்டார்!

அரசாங்கத்துக்கு அவர் மழையில நின்னது பிரச்னையா தெரியலை. ஜெயிச்சுக்கிட்டே இருந்ததுதான் பிரச்னை. அதுக்கப்புறம் போட்டிகளுக்கு அனுமதி கிடைக்கலை. பாஸ்போர்ட்டும் போச்சு. உள்ளூர்லயும் ஆட முடியாது, வெளிநாட்டுக்கும் போக முடியாது. மட்டையால தோற்கடிக்க முடியாதவரை ஒரு காகிதத்தால தோற்கடிச்சாங்க. 1978-ல் வறுமையிலேயே செத்துப் போனார்.

ஒரு காலத்துல அந்த ஆட்சிக்கு ஆதரவா எழுதின கேரி பிளேயர், பின்னாடி அது தப்புன்னு ஒத்துக்கிட்டார். டர்பன்ல இன்னிக்கு நகராட்சி கோல்ஃப் மைதானம் ஒண்ணுக்கு பாப்வா பேரு. நல்ல விஷயம்தான். ஆனா ஒரு ஆட்டக்காரனுக்குக் கை ஓடுற வருஷங்கள் கொஞ்சம்தானே? அதைத் திருப்பிக் குடுக்க எந்தப் பெயர்ப்பலகையாலயும் முடியாது.

அதனால அந்த மழைப் படம் கண்ணுல பட்டா, அவர் கையில இருக்குற கோப்பையையும் ஒரு தடவை பாருங்க. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை அது.

அப்புறம், வீட்டுல கிரிக்கெட் மட்டை இருந்தா கையை மாத்திப் பிடிச்சு ஒரு பந்து அடிச்சுப் பாருங்க. பந்து எங்க போச்சுன்னு மறக்காம வந்து சொல்லுங்க :-)